ஐந்தாறு நிமிடம் ஓடி நின்றுபோகும் அவுட்போர்டு எஞ்சின்: கோளாறை எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சுருக்கிக்கொள்கிறேன். உங்களிடம் 16 அடி ஃபைபர் படகு இருக்கிறது. அதில் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் பாகம்) வைத்த, இரண்டு சிலிண்டர், 25 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின், பொருத்தப்பட்டிருக்கிறது. பெட்ரோல், படகுக்குள் தூக்கி வைக்கும் 24 லிட்டர் பிளாஸ்டிக் டேங்கிலிருந்து ரப்பர் குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகிறது. அக்டோபரில் மழை தொடங்கியதும் முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் கரையில் ஏற்றி வைத்த படகை ஜனவரிக் கடைசியில் மறுபடி நீரில் இறக்கியபோது, சோக் (காற்றைக் குறைக்கும் விசை) இழுத்தால் மட்டுமே எஞ்சின் கிளம்பியது. கிளம்பிய பின் வேகம் கொடுத்தால் ஐந்தாறு நிமிடத்தில் தடுமாறி நின்றது; குழாயின் நடுவே உள்ள ரப்பர் குமிழை நாலைந்து முறை அழுத்தினால் மீண்டும் ஓடியது, பிறகு மீண்டும் நின்றது. மெக்கானிக் பிளக்குகளையும் பேட்டரியையும் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவித் தந்தார். இரண்டு நாள் நன்றாக ஓடி, மூன்றாம் நாள் பழைய நிலைக்கே வந்துவிட்டது. இப்போது எஞ்சினின் பெட்ரோல் பம்பை மாற்றுவதா, கார்புரேட்டரையே புதிதாக வாங்குவதா என்று கேட்கிறீர்கள்.

இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியவற்றுள் ஓர் அறிகுறி மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது: குமிழை அழுத்தினால் எஞ்சின் பிழைத்துக்கொள்கிறது. தீப்பொறியில் கோளாறு உள்ள எஞ்சினுக்குக் குமிழை அழுத்துவதும் ஒன்றுதான், அழுத்தாமல் விடுவதும் ஒன்றுதான். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குறைந்த எஞ்சினும் அப்படியே. ஆகவே உங்கள் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதிய அளவில் போய்ச் சேரவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. டேங்கின் அடிப்பகுதியில் தொடங்கி கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வெளிவரும் சிறு துளை) வரை உள்ள வழியில் எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழுவியதும் இரண்டு நாள் ஓடியது என்பது இன்னொரு செய்தியையும் சொல்கிறது: கார்புரேட்டரைக் கெடுத்த பொருள் டேங்கிலோ குழாயிலோ இன்னும் இருந்தது, அது மறுபடி வந்து சேர்ந்தது. கிணற்றில் சேறு இருக்கும்போது குடத்தை மட்டும் கழுவிய கதை இது.

வேலையைத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தட்டில், பலகைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி நிற்கும். காற்றில் ஒன்றரை விழுக்காடு அளவுக்குக் கலந்தாலே ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். எனவே டேங்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்துத்தான் திறப்பதும் நிரப்புவதும் வேண்டும். பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். உலர்பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எஞ்சினைக் கரையில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால், கீழ்ப்பகுதி நீர் நிறைந்த டிரம்முக்குள் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் அரை நிமிடம் ஓட்டினாலும் குளிர்நீர் பம்பின் ரப்பர் இறக்கைகள் கருகிவிடக்கூடும். பிறகு ஒரு கோளாறைத் தேடப் போய் இன்னொன்றை விலைக்கு வாங்கியவர் ஆவீர்கள்.

கருவி எதுவும் இல்லாமல் கோளாறின் எல்லையைப் பாதியாகக் குறைக்கும் சோதனை ஒன்று உண்டு. தெரிந்தவர் ஒருவரிடம் நன்றாக ஓடும் எஞ்சினின் டேங்கையும் குமிழோடு கூடிய குழாயையும் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்குங்கள். உங்கள் எஞ்சினில் பொருந்தும் இணைப்பான் இருக்க வேண்டும். உள்ளே புதிய பெட்ரோல் இருக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்காக ஆயில் கலந்த பெட்ரோலாக இருக்கக் கூடாது. அதை மாட்டி, படகைத் துறையில் வலுவாகக் கட்டி, கியரில் போட்டு, சற்று வேகம் கொடுத்து இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கியர் போடாமல் வெறுமனே ஓட்டினால் எஞ்சின் குடிப்பது மிகவும் குறைவு. அப்போது பாதி அடைத்த குழாயும் நல்ல குழாய் போலவே நடிக்கும். இரவல் டேங்கில் நிற்காமல் ஓடினால் குற்றம் உங்கள் டேங்கு, பெட்ரோல், குழாய், குமிழ் ஆகியவற்றுள் இருக்கிறது. இரவல் டேங்கிலும் நின்றால் எஞ்சின் மூடிக்குள் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் உதிரி பாகம் வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் இரண்டு முறை பணம் செலவழிக்கிறார்கள்.

உங்கள் டேங்கில்தான் குற்றம் என்று தெரிந்தால், முதலில் மூடியில் உள்ள காற்றுத் திருகைப் பாருங்கள். முழு வேகத்தில் 25 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 9 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 150 மில்லி லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அவ்வளவு பெட்ரோல் வெளியேறினால் அவ்வளவு காற்று உள்ளே நுழைந்தாக வேண்டும். திருகு மூடியிருந்தாலோ, அதன் துளையில் உப்போ குளவி கட்டிய மண்ணோ அடைத்திருந்தாலோ, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பின் இழுப்பும் டேங்கின் இழுப்பும் எதிரெதிராக நிற்கும். இறுதியில் டேங்கு வெல்லும். டேங்கு நிறைய இருந்தால் உள்ளே காற்றிடம் குறைவு என்பதால் எஞ்சின் சீக்கிரமே நிற்கும். பாதி இருந்தால் சில நிமிடம் தாங்கும். உங்கள் ஐந்தாறு நிமிடக் கணக்கு பாதி டேங்குக்குப் பொருந்தியே வருகிறது. எஞ்சின் தடுமாறத் தொடங்கிய அந்த நொடியில் மூடியை மெல்லத் திருகித் திறந்து, காற்று சீறி உள்ளே போகும் ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் செலவில்லாமல் தப்பித்தீர்கள். இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. திருகை மூடி, குழாயை எஞ்சினில் மாட்டியபடியே டேங்கை வெயிலில் விட்டால், உள்ளே அழுத்தம் ஏறிப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் தள்ளும். மாலையில் வந்து ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும். ஓடும்போது திருகைத் திறப்பதும், நிறுத்திய பின் குழாயைக் கழற்றிவிட்டு மூடுவதும் பழக்கமாக வேண்டும்.

அடுத்தது பெட்ரோலே. உங்கள் வழக்கில் எனக்கு அதிக ஐயம் இதன் மேல்தான். நாம் பெட்ரோல் பங்கில் வாங்கும் பெட்ரோலில் 2022-ஆம் ஆண்டு அளவில் 10 விழுக்காடு எத்தனால் கலந்திருந்தது. 2025-ஆம் ஆண்டுக்குள் அது 20 விழுக்காடு ஆகிவிட்டது. பரவலாக விற்கும் அவுட்போர்டு எஞ்சின்களின் கையேடுகளோ 10 விழுக்காடு வரைதான் இசைவு தருகின்றன. அமெரிக்காவில் 15 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு 2010-11 ஆண்டுகளில் அனுமதி கொடுத்தபோதுகூட, படகு எஞ்சின்களை அந்த அனுமதிக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். படகுக்காரர் கவனிக்க வேண்டியது, எத்தனால் நீரை விரும்புகிற பொருள் என்பது. வெறும் பெட்ரோலில் நீர் கலந்தால் அடியில் தனியாக நின்றுவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலோ ஓரளவு நீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். 10 விழுக்காடு கலப்பில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி லிட்டர் வரை கரையும். 20 விழுக்காட்டில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே தாங்கும். தாங்கும் எல்லையைத் தாண்டிய கணத்தில்தான் ஆபத்து. நீர் மட்டும் பிரிவதில்லை. எத்தனாலையும் இழுத்துக்கொண்டு ஒரு படலமாக அடியில் இறங்கிவிடும். உங்கள் டேங்கில் பாதி அளவாகக் கிடந்த 12 லிட்டரில் 2.4 லிட்டர் எத்தனால் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். டேங்கின் உறிஞ்சு குழாய் வாய் வைத்திருப்பதும் அதே அடிப்பகுதியில்தான். எனவே எஞ்சினுக்குப் பெட்ரோலுக்குப் பதிலாக நீரும் சாராயமும் கலந்த ஒன்று போய்ச் சேரும். அது எரியாது என்பதோடு கார்புரேட்டரின் அலுமினியத்தையும் பித்தளையையும் அரிக்கவும் செய்யும். மேலே மிஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் (எஞ்சின் தட்டாமல் எரியும் தன்மை) குறைந்த பெட்ரோலாகவே இருக்கும்.

நீர் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். காற்றிலுள்ள ஈரம் இரவும் பகலும் டேங்குக்குள் மூச்சு விட்டுச் சேர்ந்தது என்று பலர் சொல்வார்கள். அது உண்மைதான் என்றாலும் மெதுவான வேலை. என் அனுபவத்தில் பெரிய குற்றவாளி மழைநீர். டேங்கின் மேல்தளம் மூடியைச் சுற்றிச் சிறு பள்ளமாக இருக்கும். அதில் மழைநீர் தேங்கும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ காற்றுத் திருகு திறந்திருந்தாலோ, பகல் வெப்பத்தில் விரிந்த காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அந்த நீரை உள்ளே உறிஞ்சிவிடும். வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்தில் ஓரிரு தம்ளர் நீரை இப்படிச் சேர்ப்பது ஒன்றும் கடினமில்லை.

சோதிக்கும் முறை எளிது. டேங்கை ஒரு மூலைக்குச் சாய்த்து வைத்து அரை மணி நேரம் அசையாமல் விடுங்கள். பிறகு கைப்பம்பு வைத்த குழாயை அந்த மூலையின் அடி வரை இறக்கி, ஒளி ஊடுருவும் கண்ணாடிப் பாட்டிலில் அரை லிட்டர் எடுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். நல்ல பெட்ரோல் ஒரே நிறமாகத் தெளிவாக நிற்கும். பிரிந்திருந்தால் பாட்டிலின் நடுவே ஒரு கோடு தெரியும். சில நேரம் இரு படலமும் ஒரே மாதிரி தெளிவாக இருந்து ஏமாற்றும். அப்போது சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைத் தூவிப் பாருங்கள். அது பெட்ரோலில் கரையாமல் பொடியாகவே அடியில் கிடக்கும். நீர்ப்படலம் இருந்தால் கரைந்து அதற்கு மட்டும் நிறம் கொடுத்துவிடும். பிரிந்த பெட்ரோலைத் திரும்பச் சேர்த்துவிடும் என்று விற்கும் மருந்துகளை நம்ப வேண்டாம். கடைசிச் சொட்டு வரை வெளியேற்றி, டேங்கைப் புதிய பெட்ரோலால் ஒரு முறை அலசி, உறிஞ்சு குழாயின் முனையில் உள்ள சல்லடையைத் துடைத்து வைப்பதே ஒரே வழி. மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுங்கள் என்று கரையில் யாராவது யோசனை சொல்லக்கூடும். மீனவர் சிலர் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது உண்மை; ஆனால் அது அதற்கென்றே அமைந்த எஞ்சின். உங்களுடையது அந்த வகை அல்ல.

இனி குமிழுக்கு வருகிறேன். பிரைமர் பல்ப் எனப்படும் இந்த ரப்பர் குமிழுக்கு உள்ளே இரு முனையிலும் ஒருவழி வால்வுகள் உள்ளன. மேலே வரைந்த அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் பக்க முனை மேலே இருக்குமாறு செங்குத்தாகப் பிடித்து அழுத்தினால்தான் வால்வுகள் சரியாக அமர்ந்து, ஏழெட்டு அழுத்தத்தில் குமிழ் கெட்டியாகும். படுக்கை வாட்டில் கிடத்தி அழுத்திவிட்டு, கெட்டியாகவில்லை என்று புதிய குமிழ் வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: எஞ்சின் ஓடும்போது குமிழ் சற்று மென்மையாக இருப்பது இயல்பே, அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

எஞ்சின் திணறும் அந்த நேரத்தில் உடன் வருபவரைக் குமிழைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது நசுங்கித் தட்டையாகியிருந்தால், குமிழுக்கும் டேங்குக்கும் இடையில் அடைப்பு: காற்றுத் திருகு, உறிஞ்சு முனைச் சல்லடை, காலடியில் மிதிபட்டு மடங்கிய குழாய் ஆகியவற்றுள் ஒன்று. கல் போலக் கெட்டியாக இருந்தும் எஞ்சின் பட்டினி கிடந்தால் அடைப்பு குமிழுக்கு அப்பால்: இணைப்பான், எஞ்சின் ஃபில்டர், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் ஊசி வால்வு. உருண்டையாக, ஆனால் தளர்ந்து கிடந்து, அழுத்தியதும் எஞ்சின் தெம்பு பெற்றால், மூன்று சாத்தியங்கள்: குழாயில் எங்கோ காற்று நுழைகிறது, குமிழின் வால்வு கசிகிறது, அல்லது எஞ்சினின் பெட்ரோல் பம்ப் தளர்ந்துவிட்டது. பம்பைக் குற்றம் சொல்லும் முன் முதல் இரண்டையும் விலக்குங்கள். எஞ்சின் முனையில் இணைப்பானைக் கழற்றினால் அதன் உள்வால்வு தானே மூடிக்கொள்ளும். அந்த நிலையில் குமிழைக் கெட்டியாகும் வரை அழுத்தி ஓரிரு நிமிடம் காத்திருங்கள். எங்கும் ஒழுகாமலேயே அது தளர்ந்தால், பெட்ரோல் டேங்குக்கே திரும்புகிறது. குமிழை மாற்ற வேண்டும்.

காற்று நுழைவது சற்று வஞ்சகமான கோளாறு. அழுத்தத்தில் இருக்கும் குழாயில் ஓட்டை என்றால் வெளியே ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். இங்கே குழாய் உறிஞ்சப்படும் குழாய். ஒரு சொட்டும் வெளியே வராது, காற்று மட்டும் உள்ளே போகும். இணைப்பானுக்குள் இருக்கும் சிறிய ரப்பர் ஓ-வளையம்தான் பெரும்பாலும் காரணம். அது தட்டையாகவோ, வெடித்தோ, எத்தனாலில் ஊறிப் பருத்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். கைவசம் இரண்டு உபரியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஐயம் தீரவில்லை என்றால், எஞ்சினுக்குச் சற்று முன்னால் ஒரு சாண் நீளத்துக்குப் பெட்ரோல் தாங்கும் ஒளி ஊடுருவும் குழாயைச் சோதனைக்காக மட்டும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். குமிழி குமிழியாகக் காற்று போவது கண்ணுக்கே தெரியும்.

குழாயின் உட்புறம் உரிவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பழவேற்காட்டில் ஒரு நண்பரின் படகு, உங்களுடையதைப் போலவே குமிழை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றினேன், பம்பின் டயாஃப்ரத்தை (உள்ளே அசைந்து பெட்ரோலை இழுக்கும் மெல்லிய தோல்) மாற்றினேன், பயனில்லை. கடைசியில் எரிச்சலோடு குழாயைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தால், வெளியே புதிதுபோல் இருந்த ரப்பருக்குள் மெல்லிய உள்தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. பம்ப் உறிஞ்சும்போது அந்தத் தோல் உள்வாங்கி வழியை அடைக்கும்; குமிழை அழுத்தும்போது பெட்ரோலின் அழுத்தம் அதை விரித்துவிடும். வெளியிலிருந்து ஊதிப் பார்த்தால் குழாயில் அடைப்பே இல்லை என்றுதான் தோன்றும். எத்தனாலைத் தாங்காத ரப்பரில் இது நேர்வது உண்டு. உங்கள் குழாய்க்கு நான்கைந்து ஆண்டு ஆகிவிட்டது என்றால் கீறிப் பார்க்கக்கூட வேண்டாம், மாற்றிவிடுங்கள். தோட்டத்துக் குழாயையோ சமையல் எரிவாயுக் குழாயையோ பயன்படுத்தாமல், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட படகு எரிபொருள் குழாயாகவே கேட்டு வாங்குங்கள். டேங்கு படகோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பவர்கள் ஐஎஸ்ஓ 7840 என்ற தீத்தாங்கும் தரம் அச்சிட்ட குழாயைத் தேட வேண்டும். உள்ளூரில் பாலியெஸ்டர் ரெசினில் வார்த்த நிலையான டேங்கு வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் கவலை உண்டு. எத்தனால் அந்த ரெசினையே மெல்லக் கரைத்து, கரைந்த பிசினை எஞ்சினுக்குள் கொண்டுபோய்ப் படிய வைக்கும்.

இரவல் டேங்கிலும் எஞ்சின் நின்றால் எஞ்சின் மூடியைத் திறக்க வேண்டியதுதான். முதலில் எஞ்சின் மேல் உள்ள சிறிய ஃபில்டர் கிண்ணம். அதன் அடியில் நீர் முத்து முத்தாக நின்றால் தெரியும். சில எஞ்சின்களில் நீர் வந்தால் மிதந்து எழும் சிவப்பு வளையமே வைத்திருக்கிறார்கள். அடுத்து, ஆயில் அளவுக்கோலை உருவி முகர்ந்து பாருங்கள். பல ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் கேம் தண்டு தள்ளி இயங்கும் டயாஃப்ரம் பம்ப் இருக்கும். அதன் தோல் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கக்கூடும். ஆயில் மட்டம் காரணமில்லாமல் ஏறியிருந்து, பெட்ரோல் நெடியும் அடித்தால் அதற்கு மேல் ஒரு நிமிடமும் ஓட்ட வேண்டாம். பம்பையும் ஆயிலையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் மட்டும் தனி உறையில் கிடைக்கும் மாதிரி என்றால் முழுப் பம்ப் வாங்கும் செலவு மிச்சம்.

கார்புரேட்டரைப் பொறுத்தவரை, அடியில் உள்ள வடிதிருகைத் தளர்த்தி மிதவைக் கிண்ணத்தில் இருப்பதைப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். பழுப்பு நிறப் பிசுக்கு என்றால் பழைய பெட்ரோல் காய்ந்த கறை; வெள்ளைப் பொடி என்றால் அலுமினியம் அரித்திருக்கிறது; பச்சை என்றால் பித்தளை. சோக் இழுத்தால்தான் ஓடுகிறது என்பது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வரவில்லை என்பதன் அடையாளம், பெரும்பாலும் பைலட் ஜெட் (மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் துளை) அடைப்பு. 20 விழுக்காடு எத்தனாலும் இதில் சிறு பங்கு வகிக்கிறது: ஒரு பங்கு வெறும் பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று என்றால், இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்கே போதும். பழைய கணக்கில் துளையிட்ட ஜெட் அதே அளவு எரிபொருளைத்தான் விடும் என்பதால் கலவை எப்போதும் சற்று மெலிந்தே இருக்கும். ஜெட்டுகளைக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதுங்கள். கம்பியால் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகி எஞ்சினின் குணமே மாறிவிடும். குத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மெல்லிய தூண்டில் நைலான் நரம்பு போதும். பைலட் திருகைக் கழற்றும் முன், அது எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குமிழுக்கு மசியாத எஞ்சின்களை வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் சுற்றியும் எஞ்சின் பற்றவே இல்லை என்றால், கில் சுவிட்சின் சிவப்புக் கயிறு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேலிக்காகச் சொல்லவில்லை, நான் கடலுக்கு வரவழைக்கப்பட்ட அழைப்புகளில் சில இதில்தான் முடிந்தன. ஸ்டார்ட்டரே சுற்றவில்லை என்றால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேட்டரிக்குப் போங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. பச்சை பூத்த முனைகளைச் சுரண்டினாலே பாதிப் பேட்டரிகள் உயிர் பெற்றுவிடும். பத்து நொடி சுற்றிய பின் பிளக்கைக் கழற்றினால், உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் தீப்பொறி இல்லை அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று பொருள். எரிபொருள் ஊசி முறை எஞ்சின் என்றால், சாவியைத் திருப்பியதும் சில நொடி ரீங்கார ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உயரழுத்தப் பம்பின் ஃபியூஸைப் பாருங்கள், அதற்கு மேல் அந்தக் குழாய்களை வீட்டில் திறக்க வேண்டாம்.

உங்கள் வரிசை இப்படி அமையட்டும். முதலில் இரவல் டேங்குச் சோதனை, அடுத்து காற்றுத் திருகு, பிறகு பாட்டில் சோதனை. பெட்ரோல் எப்படியிருந்தாலும் நான்கு மாதப் பழசு என்பதால் முழுவதையும் வெளியேற்றுங்கள். குழாய், குமிழ், ஓ-வளையம், மூடியின் ரப்பர் ஆகியவற்றைப் புதிதாக்குங்கள். டேங்குக்கும் எஞ்சினுக்கும் இடையில் நீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்றை, அடியில் தெளிவான கிண்ணம் உள்ளதாக, பொருத்துங்கள். எத்தனாலில் கரைந்துவிட்ட நீரை அது பிடிக்காது என்றாலும், பிரிந்து நிற்கும் நீரையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு கார்புரேட்டரை மறுபடி ஒரு முறை கழுவுங்கள். இந்த வேலை இம்முறை வீண்போகாது. ஓட்டிப் பார்க்கும்போது முகத்துவாரத்தை விட்டு விலகி, உள்நீரிலேயே, துடுப்பும் நங்கூரமும் உயிர்காப்பு உடையும் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் வேகமாக ஓட்டுங்கள். அப்போதும் குமிழ் தளர்ந்து எஞ்சின் திணறினால் மட்டும் டயாஃப்ரம் வாங்குங்கள்.

வரும் அக்டோபரில் டேங்கில் பெட்ரோலை விட்டு வைக்க வேண்டாம். பங்கில் 20 விழுக்காடுதான் கிடைக்கிறது என்றால், இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குவதும், படகு அதற்கு மேல் சும்மா கிடக்கும் என்று தெரிந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுவதுமே நடைமுறையில் செய்யக்கூடியது. பருவத்தின் கடைசி ஓட்டம் முடிந்ததும் மிஞ்சிய பெட்ரோல் ஓரிரு வாரப் புதிது என்றால், அதை உங்கள் மோட்டார் சைக்கிளில் ஊற்றித் தீர்த்துவிடலாம். டூ ஸ்ட்ரோக் படகுக்காரர்கள் ஆயில் கலந்ததை அப்படி ஊற்றக் கூடாது. நீரை ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்தெடுத்து மேலே நிற்கும் பெட்ரோலைப் பயன்படுத்தலாம் என்று சிலர் செய்து காட்டுகிறார்கள். ஆக்டேன் குறைந்த, ஈரம் படிந்த பெட்ரோல்தான் கையில் மிஞ்சும், எஞ்சின் தட்டத் தொடங்கும். அந்தக் குலுக்கல் வேறொன்றுக்குப் பயன்படும்: அளவுக் குழாயில் 90 மில்லி லிட்டர் பெட்ரோலும் 10 மில்லி லிட்டர் நீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், அடியில் உள்ள படலம் 28 அருகே ஏறினால் நீங்கள் வாங்கியது 20 விழுக்காட்டுக் கலப்பு, 19 அருகே நின்றால் 10 விழுக்காடு.

இப்போது டேங்கிலிருந்து எடுக்கும் அந்தப் பழைய 12 லிட்டரைக் கழிமுகத்திலோ மணலிலோ கொட்டிவிடாமல், மூடி இறுக்கமான உலோகக் கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் சேர்த்து வைக்கும் வண்டிப் பட்டறையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். உள்ளே நீர் கலந்திருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.